கடன் இருந்தால் வந்து சொல்லுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக இருக்கும் நேரத்தில் வாசியுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து வாசித்தால் இன்னும் நல்லது.

நமது ஊர்களில் ஜனாஸாத் தொழுகைக்கு ஸஃப்புகள் கட்டி முடிந்ததும், தக்பீருக்கு முன்னால் ஓர் அறிவிப்பு வரும். மௌத்தானவரின் மகனோ சகோதரனோ முன்னால் வந்து ஒலிவாங்கியைப் பிடிப்பார். குரல் நடுங்கும். "எங்கட வாப்பா யாருக்காவது கடன் கொடுக்க இருந்தா, தயவுசெய்து பிள்ளைகள் எங்களிட்ட வந்து சொல்லுங்க. நாங்க பொறுப்பு. யாரிட மனசயாவது நோகடிச்சிருந்தா அல்லாஹ்வுக்காகப் பொருந்திக்கொள்ளுங்க." அரை நிமிடம் கூட எடுக்காது. பிறகு தக்பீர்.

எத்தனையோ ஜனாஸாக்களில் இந்த வார்த்தைகளைக் கேட்டிருக்கிறோம். கேட்கும்போது தலையைக் குனிந்து நிற்போம். மையவாடியிலிருந்து வீடு திரும்பும்போது மறந்து விடுவோம். 2023ஆம் ஆண்டு அந்த ஒலிவாங்கி எங்கள் கைக்கு வந்தது. எங்கள் வாப்பாவுக்காக நாங்கள் அந்த வார்த்தைகளைச் சொன்னோம். சொல்வது எவ்வளவு இலேசு, அதற்குப் பொறுப்பாக நிற்பது எவ்வளவு பாரம் என்பது அதற்குப் பிறகுதான் விளங்கியது.

வாப்பா மருதமுனையில் சாறன் வியாபாரம் செய்தவர். நூலைக் கடனுக்கு எடுப்பார். தறி வைத்திருக்கும் வீடுகளுக்குக் கொடுத்து நெய்வித்து எடுப்பார். சாறன்களைக் கட்டிக்கொண்டு மலைநாட்டுக் கடைகளுக்குப் போவார். அங்கேயும் கடனுக்குத்தான் கொடுத்து விட்டு வருவார். மாதத்துக்கு ஒரு தடவை வசூல். கடன் வாங்குவதும் கொடுப்பதும் அவருடைய தொழிலின் மூச்சு மாதிரி. ஆனாலும் கணக்கில் நேர்மையான மனிதர். தலைமாட்டில் நீல மட்டை போட்ட கொப்பி ஒன்று எப்போதும் இருக்கும். அந்தக் கொப்பி இருந்ததால் எங்களுக்கு ஒரு பயமும் இருக்கவில்லை. அதைத் திறந்து பார்த்தால் எல்லாம் இருக்கும் என்றுதான் நினைத்தோம்.

அறிவிப்புக்குப் பிறகு மூன்று பேர் வந்தார்கள்.

முதலில் வந்தவர் நூல் கடைக்காரர். கையில் பில் புத்தகம். வாப்பாவின் கையெழுத்து. 86,000 ரூபா. எங்கள் நீலக் கொப்பியிலும் அதே தொகை, அதே திகதி. அந்தக் கிழமையே கொடுத்து முடித்தோம். ஐந்து நிமிடக் காரியம். போகும்போது அவர் வாப்பாவுக்காகக் கையேந்தி துஆச் செய்து விட்டுப் போனார்.

இரண்டாவதாக வந்தவர் எங்களுக்கு மச்சான் முறை. 2021ல் கூரை வேலை செய்தபோது வாப்பாவுக்கு 150,000 ரூபா கைமாற்றாகக் கொடுத்ததாகச் சொன்னார். எழுத்து இல்லை. சாட்சி இல்லை. கொப்பியைப் பக்கம் பக்கமாகப் புரட்டினோம். அதிலும் இல்லை. எங்கள் காக்கா, "வாப்பா கடன் எடுத்தா எழுதாம இருக்க மாட்டாரு" என்றார். ராத்தா, "சொந்தக்காரன் பொய் சொல்லுவானா?" என்றார். வாப்பாவின் கபுறு மண் காயும் முன்பே எங்கள் நான்கு பேருக்குள்ளும் குரல் உயர்ந்தது. வாப்பா உயிரோடு இருந்த காலத்தில் அந்த வீட்டு விறாந்தையில் நாங்கள் அப்படிக் கத்திப் பேசியதே இல்லை.

மௌலவி ஒருவரிடம் போய்க் கேட்டோம். ஆதாரம் கொண்டு வரும் பொறுப்பு உரிமை கோருபவருடையது என்றும், ஆதாரமில்லாமல் வாரிசுகள் கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை என்றும் அவர் விளக்கினார். மனம் விரும்பினால் அவரவர் பங்கிலிருந்து கொடுக்கலாம் என்றும் சொன்னார். கடைசியில் இரண்டு பேர் தங்கள் பங்கிலிருந்து 75,000 ரூபா சேர்த்துக் கொடுத்தோம். மற்ற இரண்டு பேருக்கும் மனம் ஒப்பவில்லை. மச்சான் பணத்தை எடுத்துக்கொண்டு, "மிச்சத்த மறுமையில பாத்துக்கொள்ளுவம்" என்று சொல்லி விட்டுப் போனார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் படியை அவர் மிதிக்கவில்லை. அவர் சொன்னது உண்மையா இல்லையா என்பது இன்று வரை எங்களுக்குத் தெரியாது. உண்மையாக இருந்தால் எங்கள் வாப்பாவின் கழுத்தில் இன்னும் பாதி தொங்குகிறது. இந்த நினைப்பு வந்த இரவுகளில் எங்களில் ஒருவருக்கும் சரியாகத் தூக்கம் வருவதில்லை.

மூன்றாவது ஆள் வந்தது 52ஆம் நாள்.

அவர் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர். கணவனை இழந்தவர். வாப்பாவுக்காகத் தறியில் நெய்து கொடுத்தவர். நாங்கள் மாமி என்று கூப்பிடுவோம். உம்மா இத்தா இருந்த நாட்களில் பிட்டும் கறியும் கொண்டு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, கையைத் தடவிக் கொடுத்து விட்டுப் போனவர். அன்று உம்மாவின் அறைக்குப் போகாமல் முன்வாசலில் நின்று, "மூத்த மகன் இரிக்காரா?" என்று கேட்டார். 2021 கடைசியில் நூல் விலை ஏறத் தொடங்கியபோது, தன்னுடைய மூன்று பவுன் காப்புச் சோடியை வாப்பாவுக்குக் கொடுத்ததாகவும், வாப்பா அதை விற்று நூல் எடுத்ததாகவும், அதே மாதிரிக் காப்புச் செய்து தருவதாகச் சொன்னதாகவும் சொன்னார். மகளுக்கு நிகாஹ் பேசியிருக்கிறதாம். அதனால்தான் கேட்க வந்தாராம்.

காக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எழுத்து ஏதும் இரிக்கா மாமி?"

"இல்ல மகன்" என்றார். முந்தானையை இழுத்துத் தலையைச் சரி செய்துகொண்டு திரும்பிப் போய் விட்டார். நாங்கள் நான்கு பேரும் அங்கேதான் இருந்தோம். ஒருவரும் அவரைக் கூப்பிடவில்லை. மச்சானுடைய விடயத்தில் சூடு பட்டிருந்த எங்களுக்கு, இன்னொருவரும் வாப்பாவின் பெயரைச் சொல்லி வந்து விட்டார் என்பதுதான் மனதில் ஓடியது. இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

அன்று இரவு சாப்பாடு கொடுக்கும்போது ராத்தா பேச்சோடு பேச்சாக உம்மாவிடம் இதைச் சொன்னார். உம்மா கையில் எடுத்த கவளத்தைத் திரும்பவும் பீங்கானில் வைத்தார்.

"அந்தக் காப்ப அவட கையில இருந்து கழட்டி உங்கட வாப்பாட கையில குடுத்ததே நான்தான்."

"ஏன் உம்மா எங்களிட்ட சொல்லல்ல?"

"நீங்க ஒருத்தரும் என்னட்ட கேக்கல்லயே மகள்."

ஐம்பத்திரண்டு நாட்கள். பள்ளிவாசலில் ஊர் முழுவதையும் பார்த்து "கடன் இருந்தால் வந்து சொல்லுங்கள்" என்று அறிவித்தோம். கொப்பியைப் புரட்டினோம். மௌலவியிடம் போனோம். வாப்பாவோடு நாற்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்த மனுசி பக்கத்து அறையில் இருந்தார். அவரிடம் ஒரு தடவை கூடக் கேட்கவில்லை. ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு வாப்பா சொல்லியிருப்பார் என்று உம்மா நினைத்திருக்கிறார். உம்மா சொல்லியிருப்பார் என்று மாமி நினைத்திருக்கிறார். ஒவ்வொரு நாளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரும், வெட்கத்தில் வாயைத் திறக்கவில்லை.

பிறகு இன்னொரு பிரச்சினை வந்தது. காப்பு விற்ற நாளின் பவுன் விலைக்கும் நாங்கள் கொடுக்கப் போகும் நாளின் விலைக்கும் இடையில் பெரிய வித்தியாசம். விற்ற தொகையைக் கொடுத்தால் போதாதா என்று எங்களில் ஒருவர் கேட்டார். வாங்கியது பவுன் என்றால் அதே எடைப் பவுனைத்தான் திருப்ப வேண்டும், அவர் உங்கள் வாப்பாவிடம் கொடுத்தது ரூபா அல்லவே என்று மௌலவி தெளிவாகச் சொன்னார். மாமியிடம் கல்யாணக் காலத்து நகைக்கடைத் துண்டு இருந்தது. அதில் எடை இருந்தது. சாறன் கட்டுகளை விற்று, எங்கள் கையிலிருந்தும் போட்டு, காப்புச் செய்து கொடுத்தோம். அவர் நிறுத்துப் பார்க்கவில்லை. "உங்கட வாப்பாக்கு எப்பயோ பொருந்திக்கிட்டன். புள்ளைக்காகத்தான் வாய் துறந்து கேட்டன்" என்றார். அன்று வாசலில் வைத்து நாங்கள் கேட்ட கேள்விக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். அதற்கும் "பொருந்திக்கிட்டன்" என்றார்.

இந்தக் கதையை ஊரறியச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் வாப்பா கணக்கில் நேர்மையானவர் என்று சொன்னோம். அது உண்மை. அப்படியானால் நீலக் கொப்பியில் நூல் கடை இருந்து, மாமியின் காப்பு இல்லாமல் போனது ஏன்? யோசித்துப் பார்த்தால் விடை இலேசு. கடைக்காரரோடு இருந்தது வியாபாரம். மாமியோடு இருந்தது உறவு. உறவுக்குள் எழுத்து எதற்கு என்று நினைத்தார். நாங்களும் அப்படித்தான் நினைக்கிறோம். நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்கள். அந்நியனோடு எழுதுகிறோம், சொந்தத்தோடு வாயால் முடிக்கிறோம். ஆனால் அந்நியனோடு கணக்குப் பிழைத்தால் பணம் மட்டும்தான் போகும். சொந்தத்தோடு பிழைத்தால் பணமும் போகும், பெருநாளைக்குப் போய் வருவதற்கு இருந்த ஒரு வீடும் போகும்.

குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் எது தெரியுமா? ஸூரத்துல் பகராவின் 282ஆவது வசனம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வது பற்றிய வசனம் அது. ஒரு முஸ்ஹபில் ஒரு பக்கம் முழுவதையும் நிறைத்து நிற்கும். சிறு வயதிலிருந்து ஓதுகிறோம். நோன்பு காலத்தில் தராவீஹில் நின்று கேட்கிறோம். தவணை குறிக்க வேண்டும், நீதியாக எழுதுபவர் எழுத வேண்டும், சாட்சி வைக்க வேண்டும், தொகை சிறியதோ பெரியதோ எழுதச் சலிக்கக் கூடாது என்று அந்த வசனம் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறது.

அதில் ஒரு விடயத்தை நாங்கள் பல வருடம் கவனிக்காமலே ஓதியிருக்கிறோம். எழுதுவதற்கு வாசகம் சொல்லிக் கொடுக்க வேண்டியவர் யார்? கடன் கொடுத்தவர் அல்ல. கடன் பொறுப்பு யார் மீது இருக்கிறதோ அவர்தான் சொல்ல வேண்டும், அல்லாஹ்வைப் பயந்து, எதையும் குறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதே அந்த வசனத்தின் கட்டளை.

நம்முடைய பிரச்சினைக்கு மருந்து அங்கேதான் இருக்கிறது. கொடுக்கிறவர் "எழுதுவோமா?" என்று கேட்டால், வாங்குகிறவருக்கு முகம் மாறி விடும். "என்னை நம்பல்லயா?" என்பார். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான் கொடுக்கிறவர் வாயை மூடிக்கொள்கிறார். ஆனால் வாங்குகிறவரே முதலில் கொப்பியை எடுத்து, "காக்கா, இதை எழுதி வைப்பம், நாளைக்கு நான் மௌத்தாகினா என்ட புள்ளைகளுக்குத் தெரிய வேணும்" என்று சொன்னால் யாருக்கு மனம் நோகும்? கொடுத்தவருக்கு அவர் மீது மதிப்புத்தான் கூடும். எழுத்து என்பது நம்பிக்கையில்லாமையின் அடையாளம் என்று நாம் பிழையாக விளங்கி வைத்திருக்கிறோம். ஆளை நம்பலாம். ஆளுடைய ஞாபகத்தை எப்படி நம்புவது? ஆளுடைய ஆயுளை யார் நம்ப முடியும்?

வாங்கியவரின் எழுத்து எவ்வளவு பெறுமதி என்பதை எங்கள் வீடு முன்பே ஒரு தடவை கண்டது. 2004 டிசம்பர் 26. சுனாமியில் வாப்பாவின் அப்போதைய கொப்பி, சாறன் கட்டுகள், வீட்டுச் சாமான்கள் எல்லாம் கடலோடு போயின. மலைநாட்டில் யார் எவ்வளவு தர வேண்டும் என்று வாப்பாவுக்குக் கூடச் சரியாக ஞாபகமில்லை. இரண்டு மாதம் கழித்து வெறுங்கையோடு பஸ் ஏறிப் போனார். போன இடங்களில் சில கடைக்காரர்கள் தாங்களாகவே தங்கள் கொப்பியை எடுத்து விரித்து, "இவ்வளவு நாங்கள் தர வேண்டும் ஹாஜி" என்று எண்ணிக் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் சிங்களச் சகோதரர். அந்தப் பணத்தில்தான் வாப்பா மறுபடியும் நூல் எடுத்தார். எழுதி வைக்காத சிலர் கையை விரித்து விட்டார்கள். எல்லோரும் பொய் சொன்னார்கள் என்று வாப்பா ஒருநாளும் சொன்னதில்லை. "அவங்களுக்கும் ஞாபகமில்ல, எனக்கும் ஞாபகமில்ல" என்பார். கொடுத்தவரின் கொப்பி கடலுக்குள் போனது. வாங்கியவரின் கொப்பி மலையில் இருந்து எங்களைக் காப்பாற்றியது. அதை வாழ்ந்து பார்த்த மனிதரே, பக்கத்து வீட்டுக் காப்பை எழுத மறந்தார் என்றால் நாமெல்லாம் எம்மாத்திரம்?

இந்த நாட்டின் சட்டத்தையும் ஒரு தடவை பார்ப்போம். 1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் ஒன்று இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி எழுத்தில்லாமல் கொடுத்த கடனுக்கு 3 வருடத்துக்குள் வழக்கு வைக்க வேண்டும். எழுத்து மூலமான வாக்குறுதி என்றால் 6 வருடம். அதற்குப் பிறகு நீதிமன்றக் கதவு மூடி விடும். ஆனால் அல்லாஹ்விடம் கடனுக்குக் காலாவதி கிடையாது. ஷஹீதுக்குக் கூடக் கடனைத் தவிர மற்ற எல்லாம் மன்னிக்கப்படுவதாக ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. ஒரு ஜனாஸா கொண்டு வரப்பட்டபோது, அவருக்குக் கடன் இருக்கிறதா என்று ரஸூலுல்லாஹி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் கேட்டார்கள். இருக்கிறது என்றதும், உங்கள் தோழருக்கு நீங்களே தொழுங்கள் என்று விட்டு விட்டார்கள். அபூ கதாதா ரழியல்லாஹு அன்ஹு அவர்கள் அந்தக் கடனைப் பொறுப்பேற்ற பிறகுதான் தொழுவித்தார்கள். நாம் ஜனாஸாவில் செய்யும் அந்த அரை நிமிட அறிவிப்பின் வேர் இங்கேதான் இருக்கிறது.

அந்த அறிவிப்பை உண்மையாகச் செய்தவர் ஒருவரைப் பற்றி புகாரியில் ஒரு நீளமான செய்தி உண்டு. ஸுபைர் இப்னுல் அவ்வாம் ரழியல்லாஹு அன்ஹு அவர்கள் பெரும் கடனோடு ஷஹீதானார்கள். மகன் அப்துல்லாஹ் கடனை அடைத்து முடித்தார். சகோதரர்கள் வாரிசுச் சொத்தைப் பிரிக்கச் சொன்னார்கள். அவர் உடனே பிரிக்கவில்லை. நான்கு வருடம், ஒவ்வொரு ஹஜ் காலத்திலும், ஸுபைரிடம் கடன் வர வேண்டியவர்கள் வாருங்கள் என்று அறிவித்தார். அதற்குப் பிறகுதான் பங்கு. நான்கு வருடத்தை நாம் அரை நிமிடமாகச் சுருக்கி விட்டோம். அதுவும் ஸஃப்பில் நிற்கும் ஆண்களுக்கு மட்டும் கேட்கும் அரை நிமிடம்.

இதை எல்லோரும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நமது ஊரில் சிறு கடன் கொடுப்பவர்களில் எத்தனை பேர் பெண்கள்? சீட்டுப் பிடிப்பது பெண்கள். அவசரத்துக்குக் கழுத்திலும் கையிலும் கிடப்பதைக் கழற்றிக் கொடுப்பது பெண்கள். முட்டை விற்ற காசு, இடியப்பம் அவித்த காசு, தையல் காசு என்று சேர்த்து வைத்து, பக்கத்து வீட்டு ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கொடுப்பதும் பெண்கள்தான். ஜனாஸாத் தொழுகையில் அவர்கள் இல்லை. அவர்களுக்கு அந்த அறிவிப்புக் கேட்காது. கேட்டாலும், மௌத்து வீட்டில் போய்க் காசு கேட்டால் ஊர் என்ன சொல்லும் என்று வாயை மூடிக்கொள்வார்கள். பெண்கள் கூடியிருக்கும் மௌத்து வீட்டிலும் ஒரு மகளோ மருமகளோ எழுந்து அதே அறிவிப்பைச் செய்தால் என்ன குறைந்து விடும்? முதலில் மௌத்தானவரின் மனைவியிடம் பிள்ளைகள் உட்கார்ந்து கேட்டால் என்ன?

மனைவியிடம் கடனை மறைக்கும் கணவன்மாருக்கும் ஒரு வார்த்தை. "அவவுக்குக் கவலை குடுக்கக் கூடா" என்று சொல்லி மறைக்கிறீர்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் நீங்கள் கண் மூடிய பிறகு அந்தக் கவலை வேறு யாருடைய வாயாலோ, வாசலில் வைத்து, பிள்ளைகள் முன்னால் அவவுக்குப் போய்ச் சேரும். அதே மாதிரி, கணவனுக்குத் தெரியாமல் நுண்கடன் எடுத்துக் கிழமைக்குக் கிழமை தவணை கட்டித் தவிக்கும் சகோதரிகளும் நமது ஊரில் இருக்கிறார்கள். எந்தப் பக்கத்திலிருந்து மறைத்தாலும் முடிவு ஒன்றுதான். ரஸூலுல்லாஹ் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தொழுகையில் கடனை விட்டும் அதிகம் பாதுகாப்புத் தேடியதற்குக் காரணம் கேட்கப்பட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்வதையும் வாக்களித்தால் மாறு செய்வதையும்தான் சுட்டிக் காட்டினார்கள். கடன் முதலில் நாக்கைத்தான் கெடுக்கிறது. அது வீட்டுக்குள்தான் தொடங்குகிறது.

கடன் கொடுத்தவர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. எழுதி வைத்திருக்கிறோம் என்பதற்காகக் கழுத்தைப் பிடிக்க முடியாது. எழுதச் சொல்லும் வசனத்துக்கு இரண்டு வசனம் முன்னால், 280ஆவது வசனம், கஷ்டத்தில் இருப்பவருக்கு வசதி வரும் வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறது. விட்டுக் கொடுத்தால் அது இன்னும் சிறந்தது என்கிறது. 2022ஐ நாம் மறந்து விட முடியாது. அந்த வருடம் செப்டம்பரில் கொழும்பில் கணக்கிடப்பட்ட பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தில் நின்றது. மாவும் எண்ணெயும் கேஸும் வாங்கவே சம்பளம் போதாமல் இருந்த காலத்தில், நேர்மையான எத்தனையோ பேர் தவணை தவறினார்கள். அப்படியான ஒருவரின் படத்தை முகநூலிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் போட்டு "இவர் கடன்காரர்" என்று எழுதுவது எந்த மார்க்கத்தில் உள்ளது? அவருடைய பிள்ளை அடுத்த நாள் எங்கள் வகுப்பறைக்குத்தான் வருகிறது. அந்தப் பிள்ளையின் முகத்தை நாங்கள் பார்க்கிறோம். ஏமாற்றுபவனுக்கு மத்தியஸ்த சபை இருக்கிறது, பள்ளிவாசல் நிருவாகம் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. அதே நேரம், கையில் காசை வைத்துக்கொண்டே இழுத்தடிப்பது அநியாயம் என்பதும் நபிமொழிதான். புதுப் போன் வாங்கி, சுற்றுலா போய்ப் படம் போடுகிறவர், வாங்கிய கடனைக் கேட்டால் மட்டும் கஷ்டம் சொல்வது அவகாசம் கேட்பதாகாது.

பாடசாலையில் நாங்கள் பிள்ளைகளுக்கு வட்டிக் கணக்குப் படிப்பிக்கிறோம். முதல், வீதம், காலம் என்று கரும்பலகை நிறைய எழுதுகிறோம். வட்டியில்லாத கைமாற்றுக்கு ஒரு துண்டு எழுதப் படிப்பிப்பதில்லை. வாப்பாவின் மௌத்துக்குப் பிறகு ஒருநாள், பாடம் முடிந்து மிஞ்சிய பத்து நிமிடத்தில், அதை எழுதிப் பார்க்கச் சொன்னோம். கட்டுரை எழுதும் கெட்டிக்காரப் பிள்ளைகள் கூடத் தடுமாறினார்கள். பலர் தொகையை எழுதினார்கள், திருப்பிக் கொடுக்கும் திகதியை எழுதவில்லை. வீட்டில் காணாததைப் பிள்ளை எங்கே கற்றுக்கொள்ளும்?

இப்போது எங்கள் வீட்டில் நாங்கள் கடைப்பிடிப்பதைச் சொல்கிறோம். விரும்பினால் நீங்களும் செய்யுங்கள்.

1. வீட்டில் ஒரு கொப்பி. ஒரு பக்கம் நாம் கொடுக்க வேண்டியது, மறுபக்கம் நமக்கு வர வேண்டியது. அது எங்கே இருக்கிறது என்று கணவன், மனைவி, மூத்த பிள்ளை மூவருக்கும் தெரிய வேண்டும்.

2. கடன் வாங்கும்போது வாங்குபவரே எழுதுவது. பெயர், அடையாள அட்டை இலக்கம், தொகை இலக்கத்திலும் எழுத்திலும், திகதி, திருப்பிக் கொடுக்கும் திகதி, இரண்டு சாட்சி, இருவரின் கையெழுத்து. இரண்டு பிரதி.

3. நகை வாங்கினால் எடையையும் கரட்டையும் எழுதுவது. ரூபாவைத் திருப்புவதா பவுனைத் திருப்புவதா என்பதை அன்றே தெளிவாக்குவது. சந்தேகம் இருந்தால் உலமாக்களிடம் கேட்பது.

4. அமானிதமாக யாரும் தந்து வைத்த பொருளில் அவருடைய பெயரை ஒட்டி வைப்பது.

5. தவணைக்குக் கொடுக்க முடியாவிட்டால், கொடுத்தவர் கேட்பதற்கு முன் நாமே போய்ச் சொல்வது. போனை நிறுத்தி வைப்பதோ பாதை மாறிப் போவதோ இல்லை.

6. கொடுத்து முடித்த அன்று துண்டில் "தீர்ந்தது" என்று எழுதி இருவரும் கையெழுத்து வைப்பது. நோன்புக்கு முன் வருடத்துக்கு ஒரு தடவை குடும்பமாக உட்கார்ந்து கொப்பியைப் பார்ப்பது.

முதல் தடவை இதைச் செய்தபோது எங்கள் தம்பிக்குச் சிரிப்பாக இருந்தது. காக்காவிடம் 20,000 ரூபா வாங்க வந்து, தானே எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டியிருந்தது. "அல்லாஹ்வே, சொந்தக் காக்காவுக்கே துண்டா?" என்றான். மூன்று மாதத்தில் கொடுத்து முடித்து "தீர்ந்தது" என்று எழுதிய அன்று, "மனசு லேசா இரிக்கு" என்றான்.

எங்கள் உம்மாவுக்கு இப்போது நாங்கள் எதையும் மறைப்பதில்லை. நீலக் கொப்பி அவருடைய தலைமாட்டில்தான் இருக்கிறது. மச்சானின் பெயரை அதில் ஒரு பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம். எதிரே 75,000 ரூபா கொடுத்ததையும், மிச்சம் பற்றிச் சந்தேகம் இருப்பதையும் எழுதியிருக்கிறோம். என்றைக்காவது ஒரு சாட்சியோ ஒரு துண்டோ கிடைத்தால் நான்கு பேரும் சேர்ந்து கொடுப்பது என்று முடிவெடுத்திருக்கிறோம். இந்தப் பெருநாளைக்கு அவருடைய வீட்டுக்கு முதலில் நாங்களே போவது என்றும் நிய்யத் வைத்திருக்கிறோம். அவர் கதவைத் திறப்பாரா தெரியாது. போவோம், இன்ஷா அல்லாஹ்.

இதை வாசித்து முடித்ததும் லைக் போடுவது இரண்டாவது வேலை. முதலில் வீட்டில் ஒரு கொப்பியைத் தேடி எடுங்கள். யாருக்கு என்ன கொடுக்க இருக்கிறது என்று நினைவுபடுத்தி எழுதுங்கள். எழுதியதை மனைவியிடமோ கணவனிடமோ காட்டுங்கள். நாளை நமது ஜனாஸாவில் நமது பிள்ளை ஒலிவாங்கியைப் பிடித்து நிற்கும்போது, "கடன் இருந்தால் வந்து சொல்லுங்கள்" என்பதோடு, "வாப்பா எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறார்" என்றும் சொல்லக் கூடியதாக இருக்கட்டும்.

யா அல்லாஹ், எங்கள் பெற்றோரின் கடன்களையும் எங்கள் கடன்களையும் தீர்த்து வைக்க எங்களுக்கு வழி செய்வாயாக. பொருந்திக் கொண்டவர்களுக்கு நீ பொருந்திக் கொள்வாயாக. எவருடைய உரிமையையும் கழுத்தில் சுமந்தவர்களாக எங்களை உன்னிடம் அழைத்துக் கொள்ளாதே. ஆமீன்.

வஸ்ஸலாம்.